புதுப்பிப்பு: தாவோ மூச்சும் கவசமும் ஒத்து வருமான்னு கேட்டிருந்தேனே

தொப்புளுக்குக் கீழ மனசை வச்சு தாவோங்கிற சீன முறையில மூச்சு பழகுறேன், கந்த சஷ்டி கவசமும் சொல்றேன், ரெண்டும் ஒத்து வருமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட்.

பாதிப் பேர் "போகர் சித்தரே சீனாவோட தொடர்புள்ளவர்தானே, எல்லாம் ஒண்ணுதான் ப்ரோ"ன்னுட்டீங்க. கொடைக்கானல் பக்கம் பூம்பாறைல இருந்துகிட்டு எனக்கு அது தெரியாதா, எங்க முருகன் கோயில் குழந்தை வேலப்பர் சிலையே அவர் வச்சதுன்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. ஆனா கதை கதைதான், அதை வச்சு ரெண்டு முறையும் ஒண்ணுன்னு என்னால ஒத்துக்க முடியல. நம்ம சித்தர்கள் சொல்ற குண்டலினி யோகத்துல சக்தி முதுகுத்தண்டு அடியில இருக்கிற மூலாதாரத்துல கிளம்பி உச்சந்தலைல இருக்கிற சகஸ்ராரத்துல போய்ச் சேரணும், தாவோல முதுகு வழியா ஏறினது, நாக்கை மேல் அண்ணத்துல ஒட்டி வச்சு, முன்பக்கமா இறங்கி திரும்ப வயித்துக்கே வரணும். போற இடமே வேற!

அதனால இப்போ காலைல பூண்டுக் காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூச்சு மட்டும், சாயங்காலம் விளக்கேத்தி கவசம், கலக்குறதில்ல. அம்மாவுக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்கல, "கண்ண மூடி உக்காந்தா முருகன் வேணாம்னா சொல்லப் போறான்"ங்கிறாங்க.

உனக்கு நம்பிக்கையா பழக்கமான்னு கேட்டவருக்கு: இன்னும் பதில் இல்லண்ணே, ஆனா கிருத்திகைக்கு கோயிலுக்குப் போவேன்.