ட்ரிங்கோமலியைக் காப்பாற்றியது தேக்கா, மனிதர்களா?

கடல்காகம்:
இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் எச்எம்எஸ் ட்ரிங்கோமலி என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பலை "ஆங்கிலேயர் கட்டிக்காத்த கப்பல்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார், படித்ததிலிருந்து உறுத்துகிறது. 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் கடலில் இறக்கிய கப்பல் அது. கட்டியவர் பார்சி வாடியா குடும்பத்து ஜம்சேட்ஜி பொமான்ஜி, மரம் மலபார் தேக்கு. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணியை அரித்துவிடும். தேக்கின் எண்ணெய்ப் பசை ஆணியையும் மரத்தையும் சேர்த்தே காக்கும். 200 வருடம் தாண்டியும் மிதக்கிறது என்றால் தேக்கும் அந்தத் தச்சர்களும்தான் காரணம்.

பழைய நங்கூரம்:
தேக்கின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் 1816-இல் கட்ட ஆரம்பிக்கும்போதே நெப்போலியன் போர் முடிந்துவிட்டது. 1819-இல் போர்ட்ஸ்மவுத் வந்து சேர்ந்தது, அப்புறம் 1845 வரை வேலையே இல்லாமல் கட்டிப்போட்டார்கள். ஸ்காட்லாந்தின் டண்டியில் இருக்கும் யூனிகார்ன் என்ற போர்க்கப்பலைப் பாருங்கள், 1824-இல் இறக்கியது, ட்ரிங்கோமலியைப் போலவே லீடா என்ற வடிவமைப்பு, ஆனால் பிரிட்டனில் கட்டியது. பாய்மரம் ஏற்றாமல் மேலே கூரை போட்டு வைத்தார்கள், இன்றும் மிதக்கிறது. பம்பாய்த் தேக்கு அதில் எங்கே இருக்கிறது?

கடல்காகம்:
யூனிகார்ன் போருக்கே போகாத கப்பல் நண்பரே, இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைக்கிறீர்கள்? ட்ரிங்கோமலி 1847 முதல் 1857 வரை மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா, பசிபிக் என்று அலைந்தது. அதன்பிறகும் 1986 வரை பெரும்பாலான காலம் பையன்களுக்குப் பயிற்சிக் கப்பல். அத்தனை கால்கள் மிதித்தும் உடல் தாங்கியிருக்கிறது.

பழைய நங்கூரம்:
சரி, அப்படியென்றால் வெல்லஸ்லி என்ற போர்க்கப்பல் எங்கே? அதுவும் பம்பாய்த் தேக்குதான், 1940-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் போனது. 1842-இல் பிரிட்டனும் சீனாவும் நான்கிங் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கார்ன்வாலிஸ் கப்பலும் பம்பாயில் கட்டியதே, அதை 1957-இல் உடைத்தார்கள். ட்ரிங்கோமலியையும் 1897-இல் உடைப்பதற்கென்றே விற்றாகிவிட்டது! வீட்லி காப் என்பவரின் ஃபூட்ராயன்ட் கப்பல் அதே வருடம் பிளாக்பூலில் புயலில் சிதைந்தது, அதற்குப் பதிலாக இதை வாங்கி அந்தப் பெயரையே வைத்தார். அந்த ஒரு மனிதர் இல்லையென்றால் உங்கள் தேக்கு அன்றே மேசை நாற்காலி ஆகியிருக்கும்.

கொட்டியாரக்கரை:
நான் திருகோணமலைக்காரன், எங்கள் ஊரைத்தான் ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி என்பார்கள், அதனால் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1782-இல் எங்கள் ஊருக்கு அருகே கடலில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் மோதினார்கள், அந்தச் சண்டையின் நினைவாக வைத்த பெயர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஃபூட்ராயன்ட் ஆக இருந்து 1992-இல்தான் எங்கள் ஊர்ப் பெயர் திரும்பியது. நங்கூரம் அண்ணா சொல்வதில் ஒன்று விடுபடுகிறது, 1990 முதல் 2001 வரை பழுதுபார்த்த தொழிலாளர்கள். ஹார்ட்டில்பூலில் கப்பல் கட்டும் தளங்கள் 1960களிலேயே மூடியாயிற்று. வாரியர் என்ற இரும்புக் கப்பலை 1987 வரை சீர்செய்து கை பழகியவர்கள் அங்கே இருந்ததால்தான் இந்த வேலையே சாத்தியமானது.

கடல்காகம்:
அவர்களுக்கு என் வணக்கம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் கொட்டியாரம், அவர்கள் பிரித்துப் பார்த்தபோது திருப்பிப் பொருத்தும் நிலையில் இத்தனை பழைய தேக்கு உள்ளே இருந்தது பாருங்கள், அது பம்பாய்த் தச்சர்களின் கைவேலை. வாடியாவின் பெயராவது நமக்குத் தெரிகிறது, அவருக்குக் கீழே உளி பிடித்தவர்களின் பெயர் எந்தப் பலகையில் இருக்கிறது?