ப்ளஸ் டூ முடித்துவிட்டு கம்போடியாவுக்குத் தன்னார்வப் பணி: ஒன்றரை லட்சம் எப்படிச் சேர்ப்பது?

கம்பம் பொண்ணு:
ஊர் கம்பம். இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தேன், 18 ஆகிவிட்டது. கல்லூரிக்கு அடுத்த வருடம்தான் (நீட் இன்னொரு தடவை எழுதப் போகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தனிக் கதை). கம்போடியாவில் சியம் ரீப் பக்கம் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் நான்கு வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க விண்ணப்பித்தேன், நேர்காணல், போலீஸ் சான்று எதுவும் இல்லாமல் மறுநாளே தேர்வாகிவிட்டேன் என்று மெயில் வந்தது. பிப்ரவரியில் போக வேண்டும். தங்க, சாப்பிட 95,000 கேட்கிறார்கள், டிக்கெட், விசா, காப்பீடு எல்லாம் தனி. எப்படிக் கூட்டினாலும் ஒன்றரை லட்சத்தில் வந்து நிற்கிறது. அம்மா விடிகாலையில் ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர், அப்பா குத்தகைக்குத் திராட்சை போட்டிருக்கிறார். அவர்களிடம் கேட்க மாட்டேன். என் கையில் 11,000 இருக்கிறது. சொந்தக்காரர்களிடம் கேட்கலாமா, மிலாப், கெட்டோ மாதிரி நிதி திரட்டும் தளங்களில் போடலாமா, ஏதாவது விற்கலாமா? "ஒழுங்கா படி" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைத் தினமும் வீட்டிலேயே கேட்கிறேன்.

குமுளி சிப்ஸ் கடை:
தங்கச்சி, வாசலில் சபரிமலை ரோட்டை வைத்துக்கொண்டு நெட்டில் கையேந்துவானேன்? கார்த்திகை ஒன்றிலிருந்து மகரவிளக்கு வரை கணக்குப் போட்டால் ஏறத்தாழ இரண்டு மாதம். ஒரு விஷயம் புரிந்துகொள், மலைக்குப் போகிற சாமிகள் எதுவும் வாங்க மாட்டார்கள், தரிசனம் முடித்துத் திரும்புகிறவர்கள்தான் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு என்று பை பையாக வாங்குவார்கள். கூட்டம் அதிகமானால் போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிவிடும், போகிற வண்டி கம்பம்மெட்டு வழி, வருகிற வண்டி குமுளி வழி. அதனால் குமுளியிலிருந்து லோயர் கேம்ப் இறங்கிக் கம்பம் வரும் பக்கத்தில் இடம் பிடி. போகிற பக்கம் போட்டால் நாள் முழுக்க ஈ ஓட்டுவாய்.

சிப்ஸ் நீ போடாதே, எண்ணெய் அடுப்பு எல்லாம் பெரிய வேலை, எங்களைப் போன்றவர்களிடம் மொத்த விலைக்கு எடுத்துக்கொள். ஏலக்காயை 50 கிராம், 100 கிராம் பொட்டலமாகப் போடு. அம்மாவுக்குக் காய் பார்க்கத் தெரியும், எட்டு மில்லிமீட்டர் காய் எது, பொடிக்காய் எது என்று உன்னை யாரும் ஏமாற்ற முடியாது. அந்த ஒன்றிலேயே உனக்குப் பாதி லாபம். உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு வியாபாரிகளுக்கான பதிவு இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதே. முதல் சீசனிலேயே ஒன்றரை லட்சம் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி நிற்கும்.

கூடலூர்க்காரன்:
சொந்தக்காரர் விஷயத்துக்கு மட்டும் பதில். நம்ம பக்கத்தில் யாரும் பணத்தைச் சும்மா தருவதில்லை, எல்லாம் மொய்தான். மாமா இன்று 5,000 கொடுத்தால் அவர் பெண் காதுகுத்துக்கு உன் அப்பா 6,000 எழுத வேண்டும். நீ அப்பா அம்மாவிடம் கேட்க மாட்டேன் என்கிறாய், ஆனால் கடைசியில் கடன் விழுவது அப்பா தலையில்தான். நான் இன்ஜினியரிங் சேரும்போது வாங்கியதை வீட்டில் இன்னும் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறார்கள், எனக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

கணக்குப்பிள்ளை:
நிதி திரட்டும் தளத்தில் போட்டால் இரண்டு விஷயம். உனக்குத் தனிப்பட்ட முறையில் தருகிறவர்களுக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடையாது, கிடைக்கும் என்று எழுதிவிடாதே. அப்புறம், உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000 தாண்டினால் முழுத் தொகையும் உன் வருமானக் கணக்கில் வரும். வேறு வருமானம் இல்லாததால் இந்தத் தொகைக்கு வரி வராது, ஆனாலும் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று நோட்டுப் போட்டு வை.

மலர் அக்கா:
எல்லோரும் பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன் மா, கோபித்துக்கொள்ளாதே. அந்த 95,000 எங்கே போகிறது என்று கேட்டாயா? கம்போடியாவில் காப்பகத்துக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்துப் பார்க்க வருவதால்தான் சில இடங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிரப்புகிறார்கள் என்று யுனிசெஃப் பல வருடமாக எச்சரிக்கிறது. ஆஸ்திரேலியா 2018 இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தக் காப்பகச் சுற்றுலாவும் அங்கே பெரிய விவாதமானது.

உனக்கு வந்த மெயில் விஷயத்தில் எனக்கு இடிப்பது ஒன்றுதான். 18 வயதுப் பெண், பயிற்சி கிடையாது, போலீஸ் சான்று கேட்கவில்லை, நேர்காணல் இல்லை, மறுநாளே தேர்வு. உன் தம்பி படிக்கும் பள்ளிக்கு மாதத்துக்கு ஒரு புது அக்கா இப்படி வந்து ஏபிசிடி சொல்லிக்கொடுத்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போனால் நீ சும்மா இருப்பாயா? எந்த வகை விசா, காப்பகம் அரசிடம் பதிவு செய்ததா, கட்டணத்தில் காப்பகத்துக்கு எவ்வளவு, இதையெல்லாம் எழுத்தில் கேள். பதில் மழுப்பலாக வந்தால் புரிந்துகொள்.

கொழிஞ்சாம்பாறை பையன்:
மலர் அக்கா சொன்னதுதான் சரி. நான் பாலக்காட்டுத் தமிழன், இப்போது ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலன். இங்கே தன்னார்வலர்களுக்கு எஃப்எஸ்ஜே, பிஎஃப்டி என்று இரண்டு திட்டம் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு வருடம். நாம் பணம் கட்ட வேண்டாம், அவர்கள்தான் கைச்செலவுக்குத் தருகிறார்கள், மருத்துவக் காப்பீடும் உண்டு, எனக்கு அறையும் கொடுத்தார்கள். வருடத்துக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு. ஆனால் ஜெர்மன் மொழி தெரிய வேண்டும், குறைந்தது ஏ2 என்கிற இரண்டாம் நிலை வரை. அதற்கும் டிக்கெட்டுக்கும்தான் எனக்குச் செலவு. எங்கள் பக்கத்தில் இதற்கு லட்சக்கணக்கில் வாங்கும் ஏஜென்ட்டுகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். என் நண்பன் ஒருவன் இரண்டரை லட்சம் கட்டிப் போனான், அவன் செய்வதும் என் வேலைதான், அதே கைச்செலவுக் காசுதான். நான் இல்லங்களுக்கு நேராக மெயில் போட்டேன், நாற்பதுக்கு மேல் போட்டு மூன்று பதில் வந்தது. வேலை சுலபம் என்று நினைக்காதே, முதல் வாரமே தாத்தாக்களைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது.

கம்பம் பொண்ணு:
முதலில் மலர் அக்கா மேல் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விகளை அப்படியே அனுப்பினேன். "இந்த வாரத்துக்குள் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்று மட்டும் பதில் வந்திருக்கிறது, கேட்ட ஒன்றுக்கும் விடை இல்லை. கட்டவில்லை.

பாலக்காட்டு அண்ணா, மொழி வகுப்புக்கு மட்டும் உங்களுக்கு எவ்வளவு ஆனது? குமுளி அண்ணா, எதற்காக இருந்தாலும் காசு வேண்டும்தானே, கார்த்திகைக்கு ஒரு தள்ளுவண்டி பார்த்துச் சொல்லுங்கள். காய் எடுத்துத் தருகிறேன் என்று அம்மாவே சொல்லிவிட்டார், ஆனால் அது நீட் கோச்சிங் கட்டணத்துக்கு என்று நினைத்துக்கொண்டு.

குமுளி சிப்ஸ் கடை:
வண்டி இருக்கிறது, ஒரு சக்கரம் மாற்ற வேண்டும். முதலில் அம்மாவிடம் உண்மையைச் சொல், இல்லாவிட்டால் சரக்கு தர மாட்டேன்.