கருமேகம் திரண்டு சில்லென்று காற்றும் அடித்த பிறகு மழை ஏமாற்றுவது ஏன்?

திரள்முகில்:
வெயில் காலத்து மாலை மழை பற்றி ஒரு சந்தேகம். செயலியில் ‘மழை வாய்ப்பு 40%’ என்று இருக்கும். மூன்று மணிக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வரும், சில்லென்று காற்றடிக்கும், புழுதி பறக்கும். அதோடு சரி, ஒரு துளி விழாது. ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளிக் கொட்டித் தீர்த்திருக்கும். இந்த 40 எதைக் குறிக்கிறது? 40% பரப்பில் பெய்யுமா, 40% நேரம் பெய்யுமா? வந்த மேகம் ஏன் பெய்யாமல் போகிறது? மொட்டைமாடியில் நின்று பார்த்தே சொல்ல வழி உண்டா?

ஈரக்காற்று:
பரப்பும் இல்லை, நேரமும் இல்லை. நீங்கள் இருக்கும் புள்ளியில், குறிப்பிட்ட நேரத்துக்குள், அளவிடக்கூடிய மழை விழுவதற்கான வாய்ப்பு அது. இதே மாதிரி அறிவிப்பு வந்த 100 நாட்களில் சுமார் 40 நாட்கள் அங்கே மழை பெய்தால் கணிப்பு சரி. எவ்வளவு பெய்யும் என்பது அந்த எண்ணில் இல்லவே இல்லை. 90% என்று போட்டுத் தூறலோடு முடியலாம், 30% நாளில் 60 மி.மீ. கொட்டலாம். மழையளவைத் தனியாகப் பாருங்கள்.

நேர வரம்பையும் கவனியுங்கள். நான்கு மணி நேரத்துக்கும் தலா 20% என்று இருந்தால் மாலை முழுவதற்கும் 20% ஆகாது. ஒவ்வொரு மணி நேரமும் ஒன்றையொன்று சாராது என்று வைத்தால் 59% வரும். உண்மையில் அவை சார்ந்தவைதான், எனவே விடை இரண்டுக்கும் நடுவே எங்கோ இருக்கும்.

உலக அளவிலான கணினி மாடல்கள் பூமியைச் சுமார் 9 முதல் 25 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இடிமேகத்தில் காற்று மேலேறும் தூணின் அகலமோ சில கிலோமீட்டர்தான். ‘இந்த வட்டாரத்தில் இன்று மாலை இடிமழை உருவாகும்’ என்று அந்த மாடலால் சொல்ல முடியும். எந்தத் தெருவில் என்று கேட்டால் அதனிடம் பதில் கிடையாது.

கார்முகில்வாசி:
மேகம் உருவாகும் கணக்கைப் பார்த்தால் மீதி புரியும். சூடான தரையிலிருந்து கிளம்பும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் 9.8 டிகிரி குளிரும். நீராவி நீராகத் தொடங்கும் உயரம்தான் மேகத்தின் அடிமட்டம். தரையில் வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் (டியூ பாயின்ட், அதாவது காற்றைக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை) கழித்து 125-ஆல் பெருக்கினால் அது ஏறக்குறைய மீட்டரில் வரும். 36 டிகிரி வெப்பம், 22 பனிநிலை என்றால் 14 × 125 = 1,750 மீட்டர். பனிநிலை 26 ஆனால் 1,250 மீட்டர்தான். ஈரப்பத விழுக்காட்டைவிட இந்தப் பனிநிலை எண்ணைப் பார்ப்பதே நல்லது. விழுக்காடு வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும்.

நீராவி நீராகும்போது வெளிவரும் உள்ளுறை வெப்பம் காற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் பிறகு கிலோமீட்டருக்கு 4 முதல் 7 டிகிரி வரைதான் குளிரும். சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும்வரை தானாகவே ஏறும். நடுவில் சூடான அடுக்கு ஒன்று மூடிபோல் இருந்தால் அங்கேயே நின்றுவிடும். மதியம் தட்டையாகத் திரிந்து மாலையில் கரைந்துபோகும் குட்டி மேகங்கள் இப்படிப்பட்டவை. மூடி பலவீனமானால் சேர்த்துவைத்த வெப்பமெல்லாம் ஒரே மூச்சில் மேலே பாயும்.

மேகம் இருப்பதும் மழை விழுவதும் வேறு வேறு. மேகத்துளியின் விட்டம் சுமார் 0.02 மி.மீ. 2 மி.மீ. மழைத்துளி ஒன்றுக்கு அப்படிப் பத்து லட்சம் துளிகள் சேர வேண்டும். துளிகள் மோதி இணைவது ஒரு வழி. மேகம் உறைநிலைக்கு மேலே போனால் இரண்டாவது வழி திறக்கும்: உறையாமல் கிடக்கும் நீர்த்துளிகளிலிருந்து நீராவியைப் பறித்துப் பனிப்படிகங்கள் வேகமாக வளரும், கீழே வரும்போது உருகி மழையாகும். வெப்பமண்டலத்தில் உறைநிலை சுமார் 5 கி.மீ. உயரத்தில். அதைத் தாண்டி நன்றாக வளராத மேகம் எவ்வளவு கறுத்தாலும் இடிமழை தராது. கறுப்பு என்பது தடிமன் வெயிலை மறைப்பதுதான்.

வடகாற்று:
அந்தச் சில்லென்ற காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! கேள்வியின் பாதி விடை அதில் இருக்கிறது. மழை விழும்போது காற்றையும் கீழே இழுத்துவரும், துளிகள் வழியில் ஆவியாகி அதைக் குளிர்விக்கும். கனத்த அந்தக் காற்று தரையில் மோதி எல்லாப் பக்கமும் பரவி, சில சமயம் 20 கி.மீ. தாண்டியும் போகும். ஆக, குளிர்காற்று உங்களைத் தொட்டால் வேறெங்கோ மழை ஏற்கெனவே பெய்துவிட்டது என்று பொருள். அதே காற்று மேகத்துக்குக் கீழே புகுந்து, அதற்கு ஊட்டம் தந்த சூடான ஈரக்காற்றையும் வெட்டிவிடும். தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் 30 முதல் 60 நிமிடம்தான். உங்களிடம் வந்து சேர்வது பெரும்பாலும் ஓய்ந்துபோன மேகம்.

விதிவிலக்கு உண்டு. இரண்டு குளிர்காற்றுகள் எதிரெதிரே மோதினாலோ, ஒன்று கடற்காற்றைச் சந்தித்தாலோ, அந்தக் கோட்டில் புது மேகம் எழும். மேலே உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினாலும் மேகம் நீடிக்கும். மழை விழும் இடமும் காற்று ஏறும் இடமும் பிரிந்துவிடுவதால் தன் மழையே தன்னைக் கொல்வதில்லை.

திரள்முகில்:
தெளிவாகிறது, நன்றி. ரேடார் படத்தில் எங்கள் மேலேயே மஞ்சள் காட்டியும் மழை இல்லாத நாட்கள் உண்டு. அது எப்படி?

வடகாற்று:
ரேடாரிலிருந்து தூரம் பாருங்கள். அரை டிகிரி சாய்வில் போகும் கதிர் 100 கி.மீ. தொலைவில் தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. மேலே இருக்கும், 200 கி.மீ.யில் 4 கி.மீ.யைத் தாண்டும். அங்கே தெரியும் மழை கீழே வறண்ட காற்றில் ஆவியாகிவிடலாம். ஒரே படத்தை நம்பாமல் அடுத்தடுத்த மூன்று நான்கு படங்களை ஓட்டுங்கள். நகர்வை மட்டும் பார்த்தால் போதாது, நிறம் அடர்கிறதா வெளிறுகிறதா என்பதுதான் முக்கியம்.

கண்ணால் பார்ப்பதானால் மேகத்தின் உச்சியைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக, காலிஃபிளவர் மாதிரி புடைத்துக்கொண்டே போனால் வளர்கிறது. உச்சி பனியாக மாறி நார்நாராகப் பரவி, கீழே புதுப் புடைப்பு எதுவும் எழவில்லை என்றால் தளர்கிறது. ஆனால் இடி கேட்கத் தொடங்கிய பிறகு மாடியில் நிற்காதீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை 3-ஆல் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் வரும். 30 விநாடிக்குள் வந்தால் உள்ளே போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். மழை விழாத இடத்திலும் மின்னல் விழும்.