ஆயிரம் ரூபாய்க்குள் நல்ல பிரெஞ்ச் பிரஸ் எது?

கோவைக்காரி:
வீட்டில் நானும் அம்மாவும்தான் காபி குடிக்கிறோம். ஃபில்டர் இருக்கிறது, பால் இல்லாத காபிக்காக ஒரு பிரெஞ்ச் பிரஸ் (பொடியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, வலையை அமுக்கி வடிக்கும் குடுவை) வாங்கலாமென்று யோசனை. 350 மி.லி. போதுமா, 600 வேண்டுமா? கண்ணாடியா, ஸ்டீலா? சிக்கரி கலந்த பொடியையே போடலாமா?

டிகிரிகாபி:
இரண்டு பேருக்கு 600 தான் சரி. 350இல் பொடி, நுரை போக ஒரு பெரிய கப்தான் தேறும். இந்த விலைக்கு சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியே நல்லது, ஆனால் உடைந்தால் கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். அப்புறம் வலையைச் சுற்றியுள்ள ஸ்பிரிங் கண்ணாடியோடு ஒட்டி இறங்கணும், இடைவெளி இருந்தால் சக்கை முழுக்கக் கப்புக்கு வந்துவிடும்.

மலைக்காபி:
சிக்கரிப் பொடி வேண்டவே வேண்டாம். ஃபில்டருக்கு அரைத்த நைஸ் பொடி வலையை அடைத்துக்கொள்ளும், பலமாக அமுக்கினால் சுடுதண்ணீர் கையில் சீறும். குடகு அல்லது சிக்கமகளூர் அராபிகா காபிக்கொட்டையைப் பெருவெட்டாக அரைத்துத் தரச் சொல்லுங்கள். 30 கிராம் பொடிக்கு 450 மி.லி. தண்ணீர், கொதி அடங்கியதும் ஊற்றி 4 நிமிடம் விட்டு மெதுவாக அமுக்குங்கள். உடனே கப்பில் ஊற்றிவிடணும், அதிலேயே கிடந்தால் கசக்கும்.

டிகிரிகாபி:
அம்மாவுக்குக் கொலஸ்டிரால் இருக்கிறதா? காபி எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டால் என்ற பொருளைக் காகித வடிகட்டி பிடித்துவைக்கும், இந்த வலையில் நிற்காது; அது கெட்ட கொலஸ்டிராலான எல்டிஎல்லை ஏற்றும். இருந்தால் அவருக்கு தினமும் இதில் போட்டுக் கொடுக்காதீர்கள்.

கோவைக்காரி:
கொஞ்சம் இருக்கிறது, நல்லவேளை சொன்னீர்கள். அப்படியானால் 350 போதும், எனக்கு மட்டும்.