பதில் தேவைப்படாத ஆங்கிலக் கேள்விகள்: எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வணக்கம் நண்பர்களே, ஆங்கில ஆசிரியர்கள் யாராவது உதவுங்கள்.

பத்தாவது படிக்கும் என் மகள், 'ஹூ டஸ்ன்ட் லவ் மியூசிக்?' என்பதைச் சாதாரண வாக்கியமாக மாற்றும்போது 'நோபடி லவ்ஸ் மியூசிக்' என்று எழுதிவிட்டாள். 'நாட்' இருந்ததால் எதிர்மறை என்று நினைத்திருக்கிறாள். "யாருக்குத்தான் பசிக்காது என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் பசிக்கும்" என்றவள், உடனே 'எவ்ரிபடி' என்று திருத்தினாள். 'ஹூ கேர்ஸ்?' என்றால் யாருக்கும் கவலையில்லை என்பதும் புரிந்துவிட்டது. 'நாட்' இருந்தால் நேர்மறை, இல்லாவிட்டால் எதிர்மறை என்று சொல்லிவைத்தேன்.

அப்புறம் 'ஹவ் மெனி டைம்ஸ் ஹாவ் ஐ டோல்ட் யூ?' வந்தது. இதில் 'நாட்' இல்லை, ஆனால் 'பல தடவை சொல்லிவிட்டேன்' என்று நேர்மறையாகத்தானே பொருள்? 'ஒய் டோன்ட் யூ சிட் டவுன்?' வேறு, உட்காரச் சொல்லும் உபசாரம்!

1580களில் லண்டன் அச்சகர் ஹென்றி டென்ஹாம் இத்தகைய கேள்விகளுக்கென்றே திருப்பிப்போட்ட கேள்விக்குறியை அச்சிட்டாராம். அது நிலைத்திருக்கலாம்!

குறி இல்லாமல் எழுத்தில் மட்டும் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே சொன்ன இரண்டையும் எந்த விதியில் சேர்ப்பது? வியாழக்கிழமை தேர்வு. பயிற்சி வாக்கியங்கள் இருந்தாலும் அனுப்புங்கள்.