மாமியார் வீட்டு பழைய போட்டோ, ஹார்வி ஹவுஸ்: விவரம் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

மீனா_அல்பகர்க்கி:
எல்லாருக்கும் வணக்கம், ஒரு சின்ன உதவி வேணும். நாங்க நியூ மெக்சிகோல இருக்கோம், வீட்டுக்காரர் இங்கத்து ஆளு, அவங்க குடும்பம் பூர்வீகமா கன்சாஸ். பொண்ணு ஆறாவது படிக்கிறா, "உன் முன்னோர் என்ன வேலை பார்த்தாங்க"ன்னு ஸ்கூல்ல சார்ட் போடச் சொல்லிட்டாங்க. என் பக்கம் பிரச்சினையே இல்ல, எங்கப்பாவோட தாத்தா வரைக்கும் எல்லாரும் தறி, ரெண்டு வரில முடிஞ்சுது. அவர் பக்கம்தான் இடிக்குது. மாமியாரோட பாட்டி ரயில்வே ஸ்டேஷன்ல ஃப்ரெட் ஹார்வி ஹோட்டல்ல மேனேஜரா இருந்தாங்கன்னு மாமியார் சொல்றாங்க, அவங்க தங்கச்சிகிட்ட போன்ல கேட்டா ஒரே சிரிப்பு, "மேனேஜரா, யார் சொன்னா, வெயிட்ரஸ்"ங்கறாங்க. அதுல இருந்து ரெண்டு பேரும் பேசிக்கல, நான் நடுவுல மாட்டிக்கிட்டேன்.
கைல இருக்கறது ஒரே ஒரு போட்டோ. ரெண்டு பொண்ணுங்க நிக்கறாங்க, ஒருத்தி கறுப்பு டிரஸ், மேல மொடமொடன்னு கஞ்சி போட்ட வெள்ளை ஏப்ரன், தலைல வெள்ளை ரிப்பன், இன்னொருத்தி சாதாரண கவுன். பின்னாடி பென்சில்ல நியூட்டன் (கன்சாஸ்ல ஒரு ஊர்), 1919ன்னு எழுதிருக்கு. இது மேனேஜர் டிரஸ்ஸா சர்வர் டிரஸ்ஸா? அந்தக் காலத்துல ஸ்டேஷன் ஹோட்டல்ல வேலை செஞ்ச பொண்ணுங்களைப் பத்தி கேவலமா பேசுவாங்களா, அதனாலதான் மாமியார் பூசி மெழுகுறாங்களா? ரெக்கார்டு எங்க கிடைக்கும்?

விச்சிடா_வேலு:
மீனாக்கா, அந்தக் கறுப்பு டிரஸ் வெள்ளை ஏப்ரன் ஹார்வி கேர்ள் யூனிஃபார்ம்தான், அதாவது வெயிட்ரஸ். ஆனா அவசரப்பட்டு மாமியார்கிட்ட சொல்லிடாதீங்க, அந்த வேலைக்கு இங்க கன்சாஸ்ல இன்னைக்கும் தனி மரியாதை. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் எங்க பாட்டி ஹார்வி கேர்ள்னு ஏதோ எங்க பாட்டி கலெக்டர்ங்கற மாதிரி சொல்லுவாரு.
விஷயம் என்னன்னா, 1870கள்ல இந்தப் பக்க ரயில்ல பெரும்பாலும் டைனிங் கார் கிடையாது, வண்டி ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல அரை மணி நேரம் நிக்கும், ஓடிப்போய் சாப்பிடணும், அங்க நேத்து பீன்ஸ், கெட்டுப்போன கறி, காபின்னு ஏதோ ஒரு கறுப்புத் தண்ணி, காசை முன்னாடியே வாங்கிக்குவாங்க, தட்டு வர்றதுக்குள்ள மணி அடிச்சிரும், நீங்க விட்டுட்டு ஓடின தட்டே அடுத்த வண்டிக்காரனுக்குப் போகும்னு சொல்லுவாங்க. லண்டன்ல 1835ல பிறந்து 17, 18 வயசுல நியூயார்க் வந்து பாத்திரம் கழுவின ஆளு இந்த ஃப்ரெட் ஹார்வி, அவர் 1876ல கன்சாஸ் டொபீகா ஸ்டேஷன் மாடில சாண்டா ஃபே ரயில்வேகூட பேசி ஒரு சாப்பாட்டுக் கடை போட்டாரு. வெள்ளை மேஜை விரிப்பு, நல்ல காபி, வயித்துக்கு நிறைய சாப்பாடு, ஒரு பையை (இனிப்புப் பண்டம், தோள்ல மாட்டற பை இல்ல) மத்தவன் ஆறா வெட்டினா இவர் நாலாதான் வெட்டுவாரு. அப்புறம் லைன் முழுக்க கலிஃபோர்னியா வரைக்கும் கடை.
அரை மணில எப்படி முடியும்னா, முன் ஸ்டேஷன்லயே வண்டில எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு கேட்டு தந்தி அடிச்சிருவாங்க, வண்டி நுழையறப்ப முதல் ஐட்டம் மேஜைல இருக்கும். குடிக்க என்ன வேணும்னு ஒருத்தி கேட்டுட்டு கப்பை நிமித்தியோ கவுத்தோ சாஸர்ல சாச்சோ வச்சிட்டுப் போவா, பின்னாடி வர்றவ அதைப் பார்த்தே காபி, டீ, ஐஸ் டீ, பால்னு வாய் திறக்காம ஊத்திட்டுப் போவா. சாப்பிடறவங்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்குமாம்.
முதல்ல ஆம்பளை சர்வர்தான். 1883ல உங்க ஸ்டேட்லயே ராட்டன்ல அவங்களுக்குள்ள ராத்திரி அடிதடி, எல்லாரையும் மொத்தமா தூக்கிட்டு பொண்ணுங்களைக் கொண்டுவந்தாங்க. 18ல இருந்து 30 வயசு, நல்ல நடத்தை, பேப்பர்ல விளம்பரம் போட்டு எடுத்தது. ஆரம்பத்துல மாசம் பதினேழரை டாலர், தங்க இடம், சாப்பாடு, டிப்ஸ் தனி. ராத்திரி 10 மணிக்குள்ள ஹாஸ்டலுக்கு வந்தாகணும், வார்டன் அம்மா மாதிரி ஒருத்தங்க இருப்பாங்க, கான்ட்ராக்ட் முடியற வரைக்கும் கல்யாணம் கிடையாது. கேவலமா பேசுவாங்களான்னா, வெயிட்ரஸ்னாலே அப்ப ஒரு மாதிரி பார்ப்பாங்கதான், அந்தப் பேச்சு வரக்கூடாதுன்னுதான் இந்தக் கட்டுப்பாடெல்லாம்.
ரெக்கார்டுக்கு ஒண்ணு மட்டும் கவனம், ரயில்வே தொழிலாளர் லிஸ்ட்ல தேடி நாளை வீணாக்காதீங்க, ஹார்வி தனி கம்பெனி. நேரா 1920 சென்சஸ் பாருங்க, ஃபேமிலிசர்ச்ங்கற முன்னோரைத் தேடற வெப்சைட்ல ஃப்ரீ. பேருக்கு நேரா கடைசிக் கட்டங்கள்ல என்ன வேலை, எந்த மாதிரி இடம்னு ரெண்டும் தனித்தனியா இருக்கும், ரெண்டையும் படிங்க.

திருச்சிக்காரன்:
சம்பந்தம் இருக்கா இல்லையா தெரியல, மேனேஜர்னு படிச்சதும் சிரிப்பு வந்துருச்சு. எங்க தாத்தா விழுப்புரம் ஸ்டேஷன் சைவ சாப்பாட்டு ரூம்ல "கேட்டரிங் ஆபீசர்"னுதான் எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகைல போடுவோம். அவரோட சேர்ந்து வேலை செஞ்ச பெரியவரை ஒரு துக்க வீட்டுல பார்த்தேன், "உங்க தாத்தாவா, சரக்கு மாஸ்டரப்பா, சாம்பார் வச்சா பிளாட்பாரமே மணக்கும்"னாரு. எனக்கு அது ஆபீசரைவிட பெருசாத் தெரிஞ்சுது, எங்கப்பாவுக்கு முகம் சுருங்கிடுச்சு.
இங்கயும் வெள்ளைக்காரன் காலத்துல இங்கிலீஷ் சாப்பாட்டுக்கு ஸ்பென்சர் கம்பெனி பல ஸ்டேஷன்ல ரூம் நடத்திச்சு, நம்ம ஆளுங்க சாப்பிடற இடத்துல பிராமணாளுக்கு ஒரு பக்கம், மத்தவங்களுக்கு ஒரு பக்கம். பெரியார் வருஷக்கணக்கா சத்தம் போட்டு 1941லதான் அந்தப் பிரிவினையை எடுத்தாங்க. டிக்கெட் ஒரே விலை, இலை மட்டும் வேற இடம்.

கோபி_ஃபீனிக்ஸ்:
வேலு சார் சொன்னதுல ஒரு சின்ன திருத்தம், திருத்தம்னு கூட இல்ல, விட்டுப்போனது. ராட்டன்ல வேலையை விட்டுத் தூக்கினது கறுப்பின சர்வர்களை. அவங்க இடத்துக்கு விளம்பரம் போட்டு எடுத்ததெல்லாம் வெள்ளைக்காரப் பொண்ணுங்க. ரொம்ப வருஷம் கழிச்சுதான் மெக்சிகோ வம்சாவளிப் பொண்ணுங்க, பூர்வகுடிப் பொண்ணுங்க டைனிங் ரூமுக்குள்ள வந்தாங்க, அதுவும் ரெண்டாம் உலகப்போர்ல ரயில் ரயிலா சிப்பாய்ங்க வந்து இறங்கி கை பத்தாமப் போனப்பதான் அதிகம். அதுக்கு முன்னாடி அவங்களுக்குக் கிடைச்சது ரூம் பெருக்கறது, கிச்சன் வேலை. 1946ல நடிகை ஜூடி கார்லண்டை வச்சு "ஹார்வி கேர்ள்ஸ்"னு சினிமா எடுத்தாங்க பாருங்க, அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல வெங்காயம் உரிச்ச பாட்டியும் ஹார்வி கேர்ள் ஆயிட்டாங்க.
அக்கா, நீங்க இருக்கற இடத்துல இருந்து ரெண்டு மணி நேரம்தான், லாஸ் வேகஸ் (சூதாட்ட ஊர் இல்ல, நியூ மெக்சிகோ லாஸ் வேகஸ்) போய் காஸ்டனேடாங்கற பழைய ஹார்வி ஹோட்டலைப் பாருங்க, 1948ல மூடினது, எழுபது வருஷம் கிடந்து 2019ல திறந்தாங்க. அரிசோனா வின்ஸ்லோல லா பொசாடாவும் அப்படித்தான், 1930ல மேரி கோல்டர்னு ஒரு அம்மா டிசைன் பண்ணது, 1957ல மூடி ரயில்வே ஆபீஸ் ஆக்கிட்டாங்க, 1997ல ஒருத்தர் வாங்கி பழையபடி கொண்டுவந்தாரு. நாங்க ஒரு ராத்திரி தங்கினோம், பின்பக்க கதவைத் திறந்தா தண்டவாளம், ராத்திரி பூரா கூட்ஸ் வண்டி, மனைவிக்குத் தூக்கம் போச்சு, எனக்கு அரக்கோணத்துல படுத்திருந்த மாதிரி சுகம்.

மீனா_அல்பகர்க்கி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வேலு தம்பி, நீங்க சொன்ன மாதிரி சனிக்கிழமை உட்கார்ந்து தேடினேன், பேரை வேற ஸ்பெல்லிங்ல எழுதி வச்சிருந்தாங்க, மூணு மணி நேரம் ஆச்சு. 1920, நியூட்டன், வயசு 21, வாடகை வீட்டுல இருக்காங்க. வேலைங்கற இடத்துல இஸ்திரி போடறவங்கன்னும், இடம்ங்கறதுல ஸ்டீம் லாண்டரின்னும் இருக்கு. மேனேஜரும் இல்ல, வெயிட்ரஸும் இல்ல!

விச்சிடா_வேலு:
அடடா. அக்கா, நியூட்டன்ல ஹார்வி கம்பெனியே பெரிய லாண்டரி வச்சிருந்தாங்க, பால் பண்ணைகூட அங்கதான். வேற ஸ்டேஷன் மேஜை விரிப்பு, நாப்கின், ஏப்ரன் எல்லாம் மூட்டை மூட்டையா ரயில்ல அங்க வந்து வெளுத்துத் திரும்பிப் போகும். ஆனா அது அந்த லாண்டரிதானான்னு சென்சஸ்ல இருக்காது, ஊர்ல வேற லாண்டரியும் இருந்திருக்கலாம். அந்த வருஷத்து நியூட்டன் சிட்டி டைரக்டரி (ஊர்ல இருக்கறவங்க பேர், விலாசம் போட்ட புத்தகம்) கிடைச்சா பாருங்க, சில சமயம் பேருக்குப் பக்கத்துலயே எந்தக் கம்பெனின்னு போட்டிருப்பாங்க. அப்ப போட்டோல ஏப்ரன் போட்டிருக்கறது யாரு?

மீனா_அல்பகர்க்கி:
அதைத்தான் மாமியார்கிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் போட்டோவைக் கண்ணுகிட்ட வச்சுப் பார்த்தாங்க, அப்புறம் "பாட்டி இந்தப் பக்கம் நிக்கறது"ன்னு அந்த சாதாரண கவுன் போட்டவங்களைக் காட்டினாங்க. இத்தனை வருஷமா யாரும் விரல் வச்சுக் காட்டவே இல்லையாம், எல்லாரும் யூனிஃபார்மைப் பார்த்துட்டு அதுதான் பாட்டின்னு முடிவு பண்ணிட்டாங்க. ஏப்ரன் போட்டவங்க யாருன்னு அவங்களுக்கும் தெரியல, தோழியா இருக்கலாம். பொண்ணு சார்ட்ல "இஸ்திரி"ன்னு எழுதி ஒரு ஏப்ரன் படம் வரைஞ்சிருக்கா. மாமியார் தங்கச்சிக்கு போன் போட்டுட்டாங்க, ரெண்டு பேரும் தோத்துட்டோம்னு சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. டைரக்டரி லைப்ரரில கேட்டிருக்கேன், வந்ததும் போடறேன்.