லெவன்வொர்த் அக்டோபர் விழாவுக்கு முதல்முறை செல்வோர் கவனத்துக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பகுதிகளுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்தவர்களை, அக்டோபர் நெருங்கும்போது லெவன்வொர்த் ஊரில் நடக்கும் அக்டோபர் விழாவுக்கு, அதாவது ஜெர்மனியின் மியூனிக் நகர பீர் விழாவைப் பின்பற்றிய கொண்டாட்டத்துக்கு, உடன் பணிபுரிவோர் அழைப்பது வழக்கம். தாராளமாகச் செல்லலாம். ஆனால் இரவு எங்கே தங்குவது, வண்டியை யார் ஓட்டுவது என்ற இரண்டும் முடிவான பிறகே சரி என்று சொல்லுங்கள்.

சியாட்டிலிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டியவுடன் வரும் சிற்றூர் இது. ரயில்வேயும் மரம் அறுக்கும் ஆலையும் கைவிட்டுப் போனதால் நொடித்துக் கிடந்த இவ்வூரார், 1960களில் கடை முகப்புகளையெல்லாம் ஜெர்மனியின் பவேரியப் பகுதி மலைக்கிராமப் பாணிக்கு மாற்றிச் சுற்றுலாவால் பிழைத்துக்கொண்டனர். ஆகவே ஜெர்மானியர் வந்து உருவாக்கிய பழைய குடியேற்றம் என்று எண்ணிவிட வேண்டாம். பிழைப்புக்காகப் போட்ட வேடம்தான், ஆனால் சுற்றியுள்ள மலைகளால் அந்த வேடம் நன்றாகவே பொருந்துகிறது. மியூனிக்கில் விழா செப்டம்பரில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தோடு முடிந்துவிடும். இங்கே அக்டோபர் மாத வார இறுதிகளில் நடக்கும்.

பீர் வாங்க 21 வயது நிரம்பியதற்கான சான்று வேண்டும். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை ஏற்கமாட்டார்கள். வாஷிங்டன் மாநில உரிமமோ அசல் கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். விழாக்கால பீர் சுமார் 6 சதவீத ஆல்கஹால் கொண்டது. பவேரிய வழக்கப்படி ஒரு லிட்டர் குவளையில் வாங்கினால், அமெரிக்கக் கணக்கில் வழக்கமான அளவு மதுபானம் மூன்றுக்கும் மேல் உள்ளே போயிருக்கும். குடிப்பவரோ ‘ஒன்றுதானே குடித்தேன்’ என்று மனதார நம்பிக்கொண்டிருப்பார். எலுமிச்சைப் பானம் கலந்த பீரான ராட்லர் கிடைத்தால் அது சற்று இலகுவானது. குடிக்காதவர்கள் எலுமிச்சைப் பானக் குவளையைத் தூக்கி, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து ‘ப்ரோஸ்ட்’ (ஜெர்மன் மொழியில் ‘சியர்ஸ்’) என்றாலும் யாரும் குறையாக நினைப்பதில்லை.

எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) போன்ற விசாக்களில் இருப்பவர்கள் இதை மிகக் கவனமாகப் படிக்க வேண்டும். இம்மாநிலத்தில் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தை எட்டிய நிலையில் வண்டி ஓட்டினால் குற்றம். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 0.02. குடித்து ஓட்டியதாகக் கைதாகிவிட்டால், நீதிமன்றத் தீர்ப்பு வரும் முன்பே கடவுச்சீட்டில் உள்ள விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. அதனாலேயே அமெரிக்காவுக்குள் தங்கும் உரிமை உடனே பறிபோய்விடாது. ஆனால் தங்கை திருமணத்துக்கென்று ஊருக்குப் போனவர், சென்னைத் துணைத் தூதரகத்தில் மீண்டும் விண்ணப்பித்து, அவர்கள் குறிப்பிடும் மருத்துவரிடம் பரிசோதனையும் முடித்து, புதிய விசா கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். ‘ஓட்டப் போவதில்லை, காரிலேயே படுத்து எழுந்துவிடுகிறேன்’ என்ற யோசனையும் ஆபத்தானது. போதையில், சாவியோடு, நிறுத்திய வண்டியில் இருந்தாலும் வழக்குப் பதிய இம்மாநிலச் சட்டத்தில் இடமிருக்கிறது. நினைத்த நேரத்தில் ஊபர் வந்து நிற்கும் என்றும் மலையூரில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே ஊருக்குள்ளேயே அறை எடுங்கள், அல்லது ஒருவர் அன்று முழுவதும் ஒரு வாய் கூடக் குடிக்காமல் இருக்கட்டும்.

சைவ உணவு உண்போருக்குச் சாப்பாடு கொஞ்சம் சிக்கல்தான். பிராட்வர்ஸ்ட் என்ற ஜெர்மானியத் தொத்திறைச்சி பெரும்பாலும் பன்றி இறைச்சியால் ஆனது. பக்கத்தில் வைக்கும் புளித்த முட்டைக்கோஸிலும் உருளைக்கிழங்கு சாலட்டிலும் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டுகள் கிடக்கக்கூடும். ‘இறைச்சி உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால், துணுக்குப் பேக்கனைக் கணக்கிலேயே எடுக்காமல் இல்லை என்று சொல்லிவிடுவோர் உண்டு. பேக்கன், இறைச்சிச் சாறு, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடுகு விழுதோடு தரும் சூடான பிரெட்சல் ரொட்டி பெரும்பாலும் காப்பாற்றும், ஆனால் அதை மட்டும் தின்று இரவை ஓட்ட முடியாது. பையில் புளியோதரை இருந்தால் அறையில் உதவும்.

1,200 மீட்டருக்கும் சற்று அதிக உயரத்தில் உள்ள ஸ்டீவன்ஸ் கணவாயை நெடுஞ்சாலை 2 கடக்கிறது. அக்டோபரிலேயே அங்கே பனி விழக்கூடும். வழியில் கைப்பேசி அலைவரிசையும் அறுந்துபோகும் என்பதால், கிளம்பும் முன் மாநிலப் போக்குவரத்துத் துறையின் கணவாய் நிலவரத்தைப் பார்த்து, வரைபடத்தையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். வண்டியே வேண்டாம் என்றால் ஆம்ட்ராக் ரயில் நிறுவனத்தின் எம்பயர் பில்டர் ரயில் இருக்கிறது. நாளுக்கு ஒருமுறைதான் ஓடும். சியாட்டிலிலிருந்து பிற்பகலில் கிளம்பும், திரும்பும் ரயில் லெவன்வொர்த்துக்கு விடியற்காலையில் வரும். நிலையம் ஊர் நடுவிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பதால், அந்த நேரத்தில் அங்கே கொண்டுபோய்விட ஆள் உண்டா என்று அறை பதிவு செய்யும்போதே விடுதியில் கேட்டுவிடுங்கள்.